வேலிக்கு இந்தப் பக்கம்: இருட்டுக் கதைகள் நம்மை ஏன் இழுக்கின்றன?

கொடைக்கானலில் தூண் பாறைக்கு அருகே இருக்கிறது குணா குகை. போகிற வழியில் சோலை மரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே வந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அவற்றின்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பிய சுற்றுலாப் பயணி அநேகமாக இல்லை. வேர்களைத் தாண்டிப் போனால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவு, பிளவுக்குள் இருட்டு. பார்ப்பதற்கு அவ்வளவுதான்.

இருந்தும் கூட்டத்துக்குக் குறைவில்லை. 1991இல் வெளியான ‘குணா’ படத்தால் வந்த பெயர் அது. 2006இல் கொச்சிக்கு அருகே உள்ள மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்தார். கூட வந்த நண்பரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். அந்தச் சம்பவத்தை வைத்து 2024 பிப்ரவரியில் ஒரு மலையாளப் படம் வந்தது. படம் ஓடத் தொடங்கியதும் குகைக்கு வருகிறவர்களின் வரிசை நீண்டது. வந்தவர்கள் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்வி: “விழுந்த குழி எது?”

அந்தக் கோடையில் தேனியிலிருந்து வந்திருந்த என் சித்தியை நானும் அங்கே அழைத்துப் போனேன். திரையரங்கில் கத்தியைக் கண்டாலே கண்ணைப் பொத்திக்கொள்கிறவர் சித்தி. பொத்திய விரல்களுக்கு நடுவே இடுக்கு விட்டுப் பார்க்கிறவரும் அவரேதான். வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எட்டிப் பார்த்தபடி நின்றார். போகலாமா என்றேன். “பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம்” என்றார்.

இந்தக் கட்டுரையின் கேள்வி முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கிறது. பயமாக இருந்தால் விலகத்தானே வேண்டும்? பயம் என்ற உணர்ச்சியே நம்மை விலகச் செய்வதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு. அப்படியிருக்க, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பேய்ப் படத்துக்குப் போகிறோம். இரவு பதினொரு மணிக்குக் கொலைத் தொடரின் அடுத்த பகுதியைப் போடுகிறோம். தலை உருளும் விளையாட்டுகளைப் பிள்ளைகள் கைபேசியில் ஆடுகிறார்கள். நமக்கு என்னதான் ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் சுருக்கமான பதில். நீண்ட பதிலை அந்தக் கம்பி வேலியிலிருந்தே தொடங்கலாம்.

புலியும் கூண்டும்

மைக்கேல் ஆப்டர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை விளக்க ஓர் எளிய படம் தீட்டினார். கூண்டில்லாமல் புலி மட்டும் எதிரே நின்றால் வருவது கிலி. புலியில்லாமல் கூண்டு மட்டும் இருந்தால் கொட்டாவி. கூண்டுக்குள் புலி இருந்தால்? குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் போகிறோம். ஆபத்து இருக்க வேண்டும், அது நம்மைத் தொட முடியாது என்ற உறுதியும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும்போது, அச்சமாக மாறியிருக்க வேண்டிய அதே படபடப்பு கிளர்ச்சியாக மாறுகிறது என்றார். அந்த உறுதியைத்தான் இங்கே நான் வேலி என்கிறேன்.

சினிமாத் திரை ஒரு வேலி. புத்தகத்தின் அட்டை ஒரு வேலி. “ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்” என்பதில் வரும் அந்த ‘ஆம்’ இருக்கிறதே, தமிழ் கண்டுபிடித்த வேலிகளிலேயே மிகச் சிறியது அதுதான். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், உனக்கு ஒன்றும் ஆகாது என்று மூன்றையும் ஒரே எழுத்துச் சேர்க்கையில் சொல்லிவிடுகிறது.

மலையில் வசிப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எங்கள் ஊரில் காட்டுமாடுகள் கடைத்தெருவுக்கே வரும். ஓர் ஆளைவிட உயரமான திமிலோடு, ஆயிரம் கிலோவை நெருங்கும் உடம்போடு, பேக்கரி வாசலில் சாவகாசமாக நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் காருக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கிப் படம் எடுப்பார்கள். அவர்களுக்கு அது காட்சி. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது காட்சி கிடையாது. கொல்லையில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார். ஆறு மணிக்கு மேல் குப்பை கொட்டக்கூடக் கதவைத் திறக்கமாட்டார். ஆனால் ஒன்பது மணிக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தொடர்கொலைகாரன் கதையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆளை நறுக்கிப் பெட்டியில் அடைக்கும் கட்டத்தில் கடலை கொறிப்பார். “அக்கா, வெளியே மாடு நிற்பதற்கே அவ்வளவு பயப்படுகிறீர்களே” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “மாடு நிஜம் தம்பி” என்றார். ஆப்டர் பல பக்கங்களில் எழுதியது இதைத்தான்.

உடம்புக்கு வேலி தெரியாது

மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தின் வாசனை பட்டதும் மணி அடிப்பது அதன் வேலை. அதற்கு நிதானம் கிடையாது. முதலில் மணியை அடித்துவிடும், விசாரணையெல்லாம் பிறகுதான். மணி அடித்ததும் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் ஓடுகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, கண்மணி விரிகிறது. கண நேரம் கழித்துத்தான் மூளையின் யோசிக்கிற பகுதி வந்து, “அட, இது திரை” என்கிறது.

ஆனால் கொட்டிய அட்ரினலினைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. அது கரைய நேரமாகும். பயம் போய்விட்டது, படபடப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்த மிச்சம் அடுத்து வரும் உணர்ச்சியோடு ஒட்டிக்கொள்கிறது என்று 1970களில் டால்ஃப் ஜில்மன் என்ற ஆய்வாளர் சொன்னார். பேய் போன பிறகு வரும் நிம்மதி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும் நிம்மதியைவிடப் பல மடங்கு இனிப்பதற்கு அதுதான் காரணம். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பஸ், கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு வழி விட்டுப் பள்ளத்தின் விளிம்புவரை பின்னால் வந்து நின்ற நாளில், மேலே இறங்கிக் குடித்த டீ எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ருசிக்கு டீத்தூள் மட்டுமா காரணம்?

படபடப்பின் காரணத்தை மனம் தப்பாகக் கணிக்கவும் செய்யும். கனடாவின் வான்கூவர் அருகே, ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் ஆடும் ஒரு தொங்குபாலத்தில் டட்டன், ஏரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி 1974இல் வெளியிட்டார்கள். பாலத்தில் வந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். ஆடாத பாலத்தில் அவரைச் சந்தித்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் சந்தித்தவர்களே அதிகம் பேர் பிறகு அவரை அழைத்தார்கள். பாலம் கொடுத்த படபடப்பைக் காதல் கணக்கில் எழுதிவிட்டார்கள். பேய்ப் படத்துக்கு ஜோடியாகப் போகிறவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்கத் தேவையில்லை.

எவ்வளவு பயம் இருந்தால் நல்லது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குப் பயத்துக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் நடத்துகிறார்கள். பேய் வீடு ஒன்றுக்குள் போகும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். மிகக் குறைவாகப் பயந்தவர்களும் ரசிக்கவில்லை, மிக அதிகமாகப் பயந்தவர்களும் ரசிக்கவில்லை. நடுவில் எங்கோ ஒரு மேடு. ரசனை அங்கே உச்சத்தில் இருந்தது. அந்த மேடு ஆளுக்கு ஆள் இடம் மாறும். என் சித்திக்கு அது விரல் இடுக்கில் இருக்கிறது.

மிளகாய்க்கும் இதற்கும் என்ன உறவு

பால் ரோஜின் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் புதிருக்கு வந்து சேர்ந்தது சமையற்கட்டு வழியாக. மிளகாய் நாக்கில் பட்டதும் தருவது சூடு பட்ட உணர்வு. காரத்தைத் தரும் கேப்சைசின், கொதிநீர் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு முனைகளைத்தான் எழுப்புகிறது. அதாவது நாக்கு எரிகிறது என்று உடம்பு மனதார நம்புகிறது. இருந்தும் கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சட்னி வாங்கிக்கொள்கிறோம்.

ரோஜின் மெக்சிகோவின் ஒரு கிராமத்தில் இதைக் கவனித்தார். குழந்தைகள் தொடக்கத்தில் காரத்தைத் துப்புகிறார்கள். வயது ஏற ஏற, யாரும் வற்புறுத்தாமலே, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதே வீட்டில் மிச்சம் தின்று வளரும் நாய்க்கும் பன்றிக்கும் அந்த ஆசை வருவதில்லை. காரமுள்ளதும் இல்லாததும் பக்கத்தில் வைத்தால் அவை இல்லாததைத்தான் தேடிப் போகின்றன. உடம்பு ‘ஆபத்து’ என்கிறது, மனம் ‘இல்லை’ என்கிறது. உடம்பை மனம் வென்றுவிட்ட அந்தச் சிறு கர்வமே இன்பம் என்பது அவர் விளக்கம். தீங்கற்ற தன்வதை என்று அதற்குப் பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுவது, ராட்டினத்தில் அலறுவது, பேய்ப் படம் பார்ப்பது எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நமக்கு மிளகாய் வந்ததே போர்த்துகீசியர்களுக்குப் பிறகுதான். அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் மிளகுக்கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். “பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்” என்று சொன்னவர்களுக்குக் காரமும் ஆபத்தும் அடுத்தடுத்த வீடு என்று தெரிந்தே இருந்திருக்கிறது.

அச்சம் நான்கு, வெகுளி நான்கு

இதெல்லாம் மேற்கத்திய ஆய்வுக்கூடங்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், இலக்கியத்தில் வெளிப்படும் உணர்ச்சிகள் எட்டு என்று கணக்கிட்டது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இன்பமான சுவை மட்டும்தான் கலைக்கு ஆகும் என்று அது கருதவில்லை. அருவருப்பைக் குறிக்கும் இளிவரலுக்கும் அச்சத்துக்கும் பந்தியில் இலை போட்டிருக்கிறது. அச்சம் எதனால் வரும் என்பதற்கு, “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே” என்கிறது. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், பேய் போன்றவை. பிறகு விலங்கு, கள்வர், அரசன். இன்று ஓடுகிற திகில் படங்களை எடுத்து இந்த நான்கு பெட்டிகளில் போட்டுப் பாருங்கள். பேய்ப் படம், ராட்சத முதலைப் படம், கொலைகாரன் படம், கொடுங்கோல் அரசாங்கம் ஆளும் எதிர்காலப் படம். ஐந்தாவது பெட்டி தேவைப்படுவது அபூர்வம்.

வெகுளிக்கும், அதாவது கோபத்துக்கும், அது நான்கு காரணம் சொல்கிறது: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை. பழிவாங்கும் படம் ஒன்றின் முதல் அரைமணி நேரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கதாநாயகனின் தம்பிக்குக் கை போகும், தங்கைக்குத் தீங்கு நேரும், ஊர் நடுவே அப்பா அடிபடுவார், யாராவது ஒருவர் செத்துப்போவார். நான்கில் ஒன்றாவது நடந்தாக வேண்டும். அதன் பிறகே கதாநாயகன் அரிவாளை எடுக்கலாம். நாமும் விசில் அடிக்கலாம்.

இந்த ‘அதன் பிறகே’ முக்கியமானது. வன்முறையை ரசிக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் நாம் ரசிப்பது கணக்கு நேராவதை. காரணமில்லாமல் ஒருவன் வழியில் போகிறவனை வெட்டினால் அரங்கம் விசில் அடிப்பதில்லை; முகம் சுளிக்கிறது. அதே வெட்டு, அதே ரத்தம். ஆனால் வாங்குகிறவன் முதல் பாதியில் என்ன செய்தான் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதாபாத்திரங்களுக்கு நாம் மனத்துக்குள் ஓயாமல் தீர்ப்பு எழுதிக்கொண்டே இருக்கிறோம், தீர்ப்பு நிறைவேறும்போது மகிழ்கிறோம் என்று முன்பு சொன்ன அதே ஜில்மன் வாதிட்டார்.

2009இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. ஆண்ட்ரூ வீவரும் பார்பரா வில்சனும் தொலைக்காட்சி நாடகங்களை எடுத்து, ஒரே கதையை மூன்று விதமாக வெட்டித் தொகுத்தார்கள்: ரத்தம் தெறிக்கும் வன்முறையோடு ஒன்று, ரத்தம் காட்டாத வன்முறையோடு ஒன்று, வன்முறையே இல்லாமல் ஒன்று. வன்முறை நீக்கிய வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு ரசனை குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. தயாரிப்பாளர்கள் இதைப் படித்தால் நம்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன். போஸ்டரில் ரத்தம் இருந்தால் ஆள் உள்ளே வருகிறான் என்பது உண்மையாக இருக்கலாம். உள்ளே வந்தவன் எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்பது வேறு கேள்வி.

அன்றாட வாழ்க்கையில் கணக்கு நேராவது எத்தனை அரிது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நில வழக்கு பேரன் காலம்வரை இழுக்கிறது. ஏலத்தில் கேரட்டின் விலையை அடித்துக் கேட்டவன் அடுத்த வாரமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பும் தண்டனையும் முடிந்துவிடும் இடம் திரை ஒன்றுதான்.

பேய்களின் சமையற்கட்டு

குணா குகைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’. பேயின் சமையற்கட்டு. ஜெயங்கொண்டார் கேட்டிருந்தால், இதைத்தான் நான் எப்போதோ பாடிவிட்டேனே என்று சிரித்திருப்பார்.

முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் அவருடைய கலிங்கத்துப்பரணி, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முடிவில் போர்க்களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைக்கின்றன. முரசுதான் உரல், யானைக் கொம்புதான் உலக்கை, விழுந்தவர்களின் பல்தான் அரிசி. குத்தும்போது உலக்கைப் பாட்டுப் பாடி அரசனை வாழ்த்துகின்றன. பிறகு பந்தி. குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் வழியில் பரிமாறச் சொல்லும் உபசாரம் வேறு. படிக்கும்போது குமட்டும், அடுத்த வரியில் சிரிப்பு வந்துவிடும். இதைப் பாடியவர் மனநோயாளி கிடையாது, கேட்டவர்களும் கிடையாது. அரசவைக்காகச் செய்த காவியம் இது.

அதற்கும் முன்னால், காரைக்கால் அம்மையார் அழகான உருவத்தை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய திருவாலங்காட்டுப் பதிகங்களில் வற்றிய மார்பும் குழி விழுந்த வயிறுமாகப் பெண்பேய் சுடுகாட்டில் அலைகிறது. அந்தச் சுடுகாட்டின் நடுவே இறைவன் ஆடுகிறான். இருட்டைக் கதைக்குள் கொண்டுவந்து வைப்பது நம்மிடம் நேற்று இறக்குமதியான பழக்கம் அல்ல. “இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இப்படிக் கெட்டுப்போய்விட்டார்கள்” என்று அலுத்துக்கொள்கிற பெரியவர்களுக்கு, அவர்களைப் பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டிய பாட்டியை ஒருமுறை ஞாபகப்படுத்தலாம்.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

வன்முறைப் படம் பார்த்தால் உள்ளே இருக்கும் கோபம் வடிந்துவிடும் என்பது ஒன்று. அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தைப் பற்றிச் சொன்ன ‘கதார்சிஸ்’ என்ற சொல்லை இதற்குச் சாட்சியாக இழுப்பார்கள். அவர் சொன்னது இரக்கமும் அச்சமும் தூய்மையாவதைப் பற்றி. கோபத்துக்கு வடிகால் வெட்டுவது பற்றி அல்ல. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர் தங்களைச் சீண்டியவனை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்கே கோபம் அதிகமாக இருந்தது. சும்மா இருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. மனம் குக்கர் இல்லை. விசில் வந்தால் அழுத்தம் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

பார்த்தவன் எல்லாம் கொலைகாரன் ஆகிவிடுவான் என்பது மற்றொன்று. வன்முறை விளையாட்டுகளுக்கும், கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சிறு முரட்டுத்தனங்களுக்கும் இடையே சிறிய தொடர்பு இருக்கிறது. ஆனால் கொலை போன்ற கொடுஞ்செயல்களுக்கு அவற்றைக் காரணமாகச் சொல்லப் போதிய சான்று இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் எடுத்த நிலை இது. ஆகக் கையைக் கழுவிவிடவும் முடியாது, பழியை முழுக்க அங்கே போட்டுவிடவும் முடியாது.

ஒத்திகை

இருட்டுக் கதைகளுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டால், ஒத்திகை என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். 2020இன் தொடக்கத்தில், ஊரடங்கு வந்த நாள்களில், கொள்ளைநோய் உலகைச் சூறையாடும் ஒரு பழைய ஹாலிவுட் படத்தை மக்கள் தேடித் தேடிப் பார்த்தார்கள். நோய் வாசலில் நிற்கும்போது நோய்ப் படமா என்று அப்போது நானும் எரிச்சலடைந்தேன். கோல்டன் ஸ்க்ரிவ்னரும் அவருடைய கூட்டாளிகளும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, திகில் பட ரசிகர்கள் அந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவான மன உளைச்சலையே தெரிவித்தார்கள். படம்தான் அவர்களைத் திடப்படுத்தியதா, திடமானவர்கள்தான் அந்தப் படங்களை நாடுகிறார்களா என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கவும், மூச்சை இழுத்து விடவும், இது முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் ஒரு படம் பழக்குகிறது என்பதை நம்புவது எனக்குக் கடினமாக இல்லை.

கதைகள் வெளியிலிருந்து வருகின்றன. நம் தலைக்குள்ளேயே முளைக்கும் இருட்டு? அதைப் பற்றி நாம் யாரிடமும் பேசுவதில்லை. 1993இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டக்ளஸ் கென்ரிக்கும் விர்ஜில் ஷீட்ஸும் கல்லூரி மாணவர்களிடம், யாரையாவது கொல்வதுபோல் எப்போதாவது கற்பனை வந்ததுண்டா என்று கேட்டார்கள். ஆண்களிலும் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘ஆம்’ என்றார்கள். அவர்கள் யாரும் கத்தியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே இருப்பதும் ஒரு வேலிதான்.

எங்கள் ஊரில் பசுமைப் பள்ளத்தாக்கு என்று பலகை வைத்த பிறகும், தற்கொலை முனை எங்கே என்று பழைய பெயரைச் சொல்லித்தான் வருகிறவர்கள் வழி கேட்கிறார்கள். அந்த விளிம்பில் நிற்கும்போது, ‘குதித்தால் என்ன’ என்று ஒரு கணம் தோன்றித் திடுக்கிட்டவர்கள் உண்டு. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் தற்கொலை எண்ணமே வராத மாணவர்களிலும் பாதிப் பேருக்கு உயரமான இடத்தில் அப்படித் தோன்றியிருந்தது. உடம்பு முந்திக்கொண்டு பின்வாங்குகிறது, ஏன் பின்வாங்கினோம் என்று மனம் பிறகு ஒரு காரணத்தைக் கற்பிக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். வாழ ஆசைப்படும் உடம்பின் எச்சரிக்கைதான் அது. கணத்தில் வந்து போவதற்குத்தான் இந்த விளக்கம். அந்த எண்ணம் போகாமல் தங்கிவிட்டால், நாளுக்கு நாள் கனத்தால், யாரிடமாவது சொல்ல வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

வேலி பழுதாகும் இடங்கள்

சிறு குழந்தைகளுக்கு இந்த வேலி இன்னும் கட்டி முடியவில்லை. ஏழெட்டு வயதுவரை, திரையில் இருப்பது வீட்டுக்குள் வராது என்பதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், இரவில் நம்பமாட்டார்கள். 2024 முதல் திரைப்படத் தணிக்கையில் யு/ஏ என்ற ஒரே முத்திரையை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருப்பது இதற்காகத்தான். டிக்கெட் வாங்கும்போது அந்த எண்ணைப் பார்க்கிற பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை. மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரிவாள் படம் பார்க்கிற கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

உண்மையாகவே அடிபட்டவர்களுக்கும் வேலி சாய்ந்திருக்கும். வீட்டில் கைநீட்டும் கணவனோடு வாழ்ந்த ஒரு பெண்ணுக்குத் திரையில் விழும் அறை பொழுதுபோக்காக இராது. ‘படம்தானே’ என்று அவரிடம் சொல்வதில் அர்த்தமில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது கைபேசியில் சுற்றும் நிஜ வீடியோக்கள். மலைப்பாதையில் நடந்த விபத்து, காட்டுமாடு முட்டித் தூக்கியெறிந்த ஆள், யாரையோ கட்டிவைத்து அடிக்கும் கூட்டம். கதையும் இல்லை, ‘ஆம்’ விகுதியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. திரை ஒன்றுதான் என்பதால், கதையைப் பார்க்கும் அதே விரலால் இதையும் தள்ளிப் பார்த்துவிடுகிறோம். அங்கே விழுந்து கிடப்பவருக்கு ஒரு வீடு இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் சொல்லில் சொன்னால், அது மாடு.

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. விடுமுறைக்கு வந்தால் இரவில் என் அம்மாவிடம் பேய்க் கதை கேட்காமல் தூங்கமாட்டான். ஆனால் கதை தொடங்குமுன் ஓர் ஒப்பந்தம் போடுவான். “பாட்டி, இன்றைக்குப் பேய் எதுவரை வரும்?” முதல் ஆண்டு வத்தலக்குண்டைத் தாண்டக்கூடாது என்று கட்டளை. அம்மாவும் பேயை அடிவாரத்திலேயே நிறுத்திவைத்து, அங்கேயே வாழைப்பழம் வாங்கித் தின்ன வைத்துக் கதையை முடித்தார். அடுத்த ஆண்டு பெருமாள்மலைவரை வர அனுமதி கிடைத்தது. போன கோடையில் வெள்ளி அருவியில் குளித்துவிட்டு, ஏழு ரோடு சந்திப்புவரை வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு டீ குடித்தது.

இந்த முறை எங்கள் தெரு முனைத் தண்ணீர்த் தொட்டிவரை வரலாம் என்று சொல்லியிருக்கிறான். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, விளக்கை மட்டும் அணைக்கக்கூடாதாம்.